யாருடைய ஓய்வு? காளிகாட் பாபுவும் மரத்தடிக் கூலியும்

மந்தாரக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் அச்சகத்தில் விழா மலர் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் யாருடையது என்பது இங்கு முக்கியமில்லை. வாழ்த்துச் செய்திகள், கவிதைகள், நகைக்கடை விளம்பரங்கள், இவற்றுக்கு நடுவே ஒரு கேலிச்சித்திரம். தூங்குமூஞ்சி மரத்தடியில் கூலியாள் ஒருவன் மண்வெட்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். வாய்க்கு நேரே ஒரு ஈ. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே 'கடமை வீரன்' என்று போட்டிருந்தது. நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை. பைண்டிங் வேலை செய்கிறவர், ஒரு காலத்தில் ஒப்பந்தக் கூலியாக மண் வாரியவர், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல சிரிக்க என்னா சார் இருக்கு? நைட்டு முழுக்க வேல செஞ்சிட்டு வந்து படுத்திருக்கான்னு வச்சுக்கங்களேன். அதப் படத்துல போட முடியுமா?"

போட முடியாதுதான். தூக்கத்தை வரையலாம், தூக்கத்துக்கு முன் நடந்ததை அதே சட்டத்துக்குள் வரைவது கடினம். சோம்பலையும் ஓய்வையும் கேலி செய்கிற எல்லாப் படங்களுக்கும் இந்தக் குறை பொது என்று எனக்குப் படுகிறது. குறை என்று சொல்வதுகூடத் தவறு. பல இடங்களில் அந்தப் படங்களுக்குப் பலமே அதுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இந்த ஊரின் பொழுது ஷிப்டுகளால் ஆனது. காலை பதினோரு மணிக்குக் குவார்ட்டர்ஸ் தெருவில் நடந்தால் பாதி வீடுகளில் ஜன்னல் சாத்தியிருக்கும். 'அப்பா நைட் ஷிப்டு, சத்தம் போடாதே' என்று அதட்டி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இது வேடிக்கை. 'ஒங்க ஊர்ல ஆம்பளைங்க பகல்லயே தூங்குறாங்களே' என்பார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்து, பதவிக்கேற்ற அளவில் வீடு கொடுத்த நகரியத்தில் ஓய்வுக்கும் பதவிக்கேற்ற அளவு உண்டு. கிளப்பில் ஷட்டில் ஆடுகிறவரின் மாலைப்பொழுதை 'பொழுதுபோக்கு' என்கிறோம். நகரியத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்தக் கூலியின் மாலைப்பொழுதை 'வெட்டிப்பேச்சு' என்கிறோம்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது புருகெல். 1567இல் அவர் வரைந்த 'சோம்பேறிகளின் சொர்க்கம்', டச்சு மொழியில் 'லுய்லெக்கர்லாண்ட்'. ஒரு மரம், அதனடியில் ஒரு குடியானவன், ஒரு சிப்பாய், ஒரு எழுத்தன், மூவரும் தின்று கொழுத்து மல்லாந்து கிடக்கிறார்கள். வெந்த பன்றி விலாவில் கத்தியைச் செருகிக்கொண்டு தானே ஓடிவருகிறது. பசித்தவனின் கனவு அது. இந்தக் கனவு ஓவியத்தோடு நிற்கவில்லை. மரக்கட்டையில் செதுக்கி, ஒரே தாளில் பல கட்டங்களாக அச்சிட்டு, அவசரமாக வண்ணம் தீட்டி, ஒரு செண்டுக்கு விற்கும் தாள்களாக ஹாலந்தில் 19ஆம் நூற்றாண்டு வரை புழங்கிற்று. செண்டுப் படங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். நம்மூர்க் குஜிலிப் புத்தகத்தின் படவடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் இன்னொரு பிரபலமான கதை யான் என்னும் வண்ணானுடையது. அவன் மனைவி கால்சட்டையை மாட்டிக்கொள்கிறாள். யான் துணி துவைக்கிறான், குழந்தைக்கு ஊட்டுகிறான். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சோம்பேறிச் சொர்க்கமும் துவைக்கிற புருஷனும் ஒரே கடையில் தொங்கினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யாத ஏழையும் வேலை வாங்குகிற மனைவியும், இந்த உலகத்தில், தலைகீழாகப் போன ஒழுங்கின் இரண்டு அடையாளங்கள்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு நிர்வாகப் பக்கமும் உண்டு. யொஹானஸ் வான் டென் பொஷ் என்ற ராணுவ அதிகாரி 1818இல் ஹாலந்தில் ஒரு தரும சங்கத்தைத் தொடங்கினார். நகரத்து ஏழைகளைச் சதுப்பு நிலங்களுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றி உழைக்கக் கற்றுக்கொடுப்பது நோக்கம். 1823இல் தொடங்கிய ஃபேன்ஹவுசன் குடியிருப்பில் பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் கட்டாயமாக அடைக்கப்பட்டார்கள். அந்த வட்டாரமே மண்கரி எடுக்கிற சதுப்பு. நம் பழுப்பு நிலக்கரிக்கு முந்தைய நிலை அந்த மண்கரி. அதே வான் டென் பொஷ் 1830இல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போனார். போனவர் ஜாவாவின் கிராமங்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கத்துக்காகக் காப்பியும் கரும்பும் அவுரியும் விளைவிக்க ஒதுக்கவேண்டும் என்று விதித்தார். காரணம்? ஜாவாக்காரன் சோம்பேறி, தானாக உழைக்க மாட்டான். சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' இந்தச் சொல்லாடலைத் துருவி எடுத்திருக்கிறது. செண்டுப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்தான் இந்த கவர்னர் என்று முடிச்சுப்போட நான் முயலவில்லை. ஆனால் அம்ஸ்டர்டாம் பிச்சைக்காரனையும் ஜாவாக் குடியானவனையும் ஒரே கண்ணால் பார்க்க முடிந்த ஒரு சமூகம் எதைப் பார்த்துச் சிரித்தது என்பது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல. (எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் 17ஆம் நூற்றாண்டில் பண்டகசாலை வைத்திருந்தவர்கள் இவர்கள்தாம். சோழமண்டலக் கரையையும் வங்காளத்துச் சின்சுராவையும் 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.)

சின்சுராவிலிருந்து ஹூக்ளி ஆற்றோடு தெற்கே இறங்கினால் கல்கத்தா. டச்சுச் செண்டுப் படங்களுக்கு இணையாக இந்தியாவில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது காளிகாட் படங்கள்தாம். ஒருகாலத்தில் நான் இவற்றைப் பற்றி மேடையிலும் எழுத்திலும் மிகுந்த உற்சாகத்தோடு பேசியிருக்கிறேன். 'அடித்தட்டுக் கலைஞனின் கலகச் சிரிப்பு' என்று. அந்த உற்சாகத்தைத்தான் இப்போது கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காளிகாட் கோயிலின் இன்றைய கட்டடம் 1809இல் முடிந்தது. கோயிலைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்துக்கு நினைவுப்பொருள் வேண்டும். கிராமங்களில் நீண்ட சுருள்களில் கதைப்படம் வரைந்து, பாடிக்காட்டிப் பிழைத்த பட்டுவாக்கள் நகரத்துக்கு வந்தார்கள். நகரத்தில் நின்று கதை கேட்க யாருக்கு நேரம்? சுருள் ஒற்றைத் தாளாயிற்று. ஆலையில் செய்த மலிவுக் காகிதம், நீர்வண்ணம், பின்னணியே கிடையாது. ஒருவர் புறக்கோடு போடுவார், இன்னொருவர் உடம்புக்கு வண்ணம் கொடுப்பார், வேறொருவர் சேலைக்கு, கடைசியில் ஒருவர் விளக்குக்கரியால் கோட்டை முடிப்பார். குடும்பம் முழுக்க, பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து, ஒரு சிறு பட்டறை. ஓரிரு காசுக்கு விற்பனை. இப்படி வரைந்தவர்களில் மிகச் சிலரின் பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது: நிபாரண் சந்திர கோஷ், காளிசரண் கோஷ்.

முதலில் தெய்வங்கள். நூற்றாண்டின் நடுவில் தெய்வங்களுக்குப் பக்கத்தில் பாபு வந்து உட்கார்ந்தான். இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் பாணியில் வாரிய தலை, பளபளக்கும் பக்கிள் ஷூ, விசிறி மடிப்பு வைத்த வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே சால்வை. நாற்காலியில் உட்கார்ந்து ஹூக்கா இழுக்கிறான்; ரோஜாப்பூவோடு நிற்கும் தாசியின் முன் இளிக்கிறான்; காதலியின் கையில் விளக்குமாற்று அடி வாங்குகிறான். ஒரு படத்தில் பெண் கயிறு பிடித்து ஆட்டை இழுத்துப் போகிறாள். ஆட்டுக்கு பாபுவின் முகம். இன்னொன்றில் அவன் மார்பில் அவள் கால். சிவன்மேல் நிற்கும் காளியைத் தினமும் நூறு வரைகிற கை, அதே கோட்டில் இதையும் போட்டுவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காளிகாட் கார்த்திகேயன், அதாவது நம் முருகன், மயில்மேல் இதே ஆல்பர்ட் தலையோடும் ஷூவோடும்தான் உட்கார்ந்திருக்கிறான். வங்காளத்தில் கார்த்திக் என்றால் அழகன், மினுக்கன். பாபு கடவுள் மாதிரி இருக்கிறானா, கடவுள் பாபு மாதிரி ஆகிவிட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறிஞ்சிக் கிழவனை இப்படிப் பார்க்க நமக்குக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். நெற்றியில் நாமத்தோடு வாயில் இறாலைக் கவ்விய பூனையோ நமக்கு ரொம்பப் பழக்கம். மாமல்லபுரம் பாறையில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையின் பங்காளி அது.

பாபு படங்களுக்கு இணையாக எழுத்தும் இருந்தது. பவானிசரண் பந்தோபாத்யாயின் 'நவ பாபு விலாஸ்' 1825இல் வந்தது. கேலியெழுத்தில் பெரிதாகப் பேசப்படுவது காளிபிரசன்ன சிங்கரின் 'ஹுதோம் பேஞ்சார் நக்‌ஷா', 1862. ஆந்தை ஒன்று நகரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல், கல்கத்தாப் பேச்சுமொழியில் எழுதப்பட்டது. ஆனால் சிங்கர் பெரிய ஜமீன் குடும்பத்து வாரிசு. பாபுவைக் கிழித்த பேனா பாபுவின் வீட்டுப் பேனாதான். சித்பூரின் பட்தலா பகுதியில் மலிவு அச்சகங்கள் வரிசையாக வந்தன. கொல்லரும் தட்டாரும் மரக்கட்டை செதுக்க உட்கார்ந்தார்கள். அவர்கள் அச்சிட்ட படங்கள் காளிகாட் பட்டுவாக்களுக்குப் போட்டியாக அதே பாபுவை விற்றன.

சுமந்தா பானர்ஜி 1989இல் எழுதிய 'கூடமும் தெருவும்' நூல் இந்த உலகத்தை நமக்கெல்லாம் திறந்துவிட்டது. மேட்டுக்குடியின் கூடத்துக்கு எதிராகத் தெருவின் சிரிப்பு. பிறகு பத்ரலோக் சீர்திருத்தவாதிகள் அந்தச் சிரிப்பை 'ஆபாசம்' என்று சொல்லி ஒடுக்கியது. 1873இல் அதற்கென்றே கல்கத்தாவில் ஒரு சங்கம் வைத்தது. இவையெல்லாம் உண்மை. பக்தினைப் படித்துவிட்டு, தலைகீழாக்கம், திருவிழாச் சிரிப்பு என்று நாம் துள்ளிக்கொண்டிருந்த நாட்களில் அந்த நூல் கைக்குக் கிடைத்தது. அதன் பிறகு நான் பேசியதெல்லாம் அதன் எதிரொலிதான். இப்போது அந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கையில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. தெரு சிரித்தது, சரி. யாரைப் பார்த்துச் சிரித்தது?

அந்தக் கல்கத்தாவில் உழைக்காமல் வாழ்ந்தவர்களில் முதல் ஆள் வெள்ளைக்காரன். பல்லக்கு, பங்கா இழுக்க ஆள், ஹூக்காவுக்கு ஆள், குதிரைப் பந்தயம், வேட்டை. அவன் காளிகாட் படங்களில் இல்லாமலில்லை. யானைமேல் உட்கார்ந்து புலியைச் சுடுகிறான். பந்தயக் குதிரை பறக்கிறது. ஆனால் அவற்றில் கேலி இல்லை. வியப்பு இருக்கிறது. துரையின் ஓய்வு வீரமாகத் தெரிகிறது, பாபுவின் ஓய்வு கூத்தாகத் தெரிகிறது. தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி எழுதியபோது, உழைக்காமலிருப்பதை நாலுபேர் பார்க்கக் காட்டுவதே அந்தஸ்து என்றார். காளிகாட் ஓவியன் இதில் ஒரு திருத்தம் செய்கிறான். காட்டிக்கொள்ள உரிமையுள்ளவன் காட்டினால் அந்தஸ்து. உரிமையில்லாதவன் காட்டினால் நகைச்சுவை.

சரி, இந்த உரிமையில்லாதவன் யார்? நூற்றாண்டின் தொடக்கத்து பாபு உண்மையிலேயே பணக்காரன். கம்பெனிக்குத் தரகு பார்த்தவன், நிலவரி குத்தகை எடுத்தவன். புறா விடுவதற்கும் பூனைக்குக் கல்யாணம் செய்வதற்கும் லட்சம் லட்சமாகச் செலவழித்தவன் என்று கதைகள் சொல்லும் ஆள் அவன். 1860, 70களுக்கு வரும்போது பாபு என்ற சொல் இறங்கிவிட்டது. ஆபீசில் பேனா பிடிக்கிற கேரானியும் பாபுதான். பத்து மணிக்கு உள்ளே போக வேண்டும், தாமதமானால் சம்பளம் பிடிப்பார்கள், துரை வைதால் தலைகுனிய வேண்டும். சுமித் சர்க்கார் 1992இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தக் குமாஸ்தாவின் உலகத்தைக் காட்டுகிறது. ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் வந்து குவிந்தவர்களில் கணிசமானவர்கள் இந்தச் 'சாக்ரி'க்காரர்கள். கடிகாரத்துக்கு அடிமையாகி, அந்த அடிமைத்தனத்தையே கலியுகத்தின் அடையாளமாக உணர்ந்தவர்கள். ஓவியத்தில் இந்த இரண்டு பாபுக்களும் ஒரே ஆள். ஆபீஸ் இல்லை, துரையின் ஏச்சு இல்லை, கடிகாரம் இல்லை. ஹூக்கா மட்டும் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் குனிந்திருந்தவனின் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வெட்டியெடுத்து, இவன் வாழ்க்கையே இதுதான் என்கிறது படம். எங்கள் பைண்டர் கேட்டது இதைத்தான்.

கலியுகம் என்ற சொல் வந்துவிட்டதால் பட்தலாவின் மரச்செதுக்குப் படம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'கோர கலி' என்று பெயர். ஒருவன் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிழத் தாயைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறான். தெருவில் போகிற யாரும் சிரித்துவிடுகிற படம். ஆனால் கலியின் அறிகுறிகள் என்று புராணங்கள் அடுக்குகிற பட்டியலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சூத்திரன் போதிப்பான், பிராமணன் கேட்பான். பெண் ஆள்வாள், புருஷன் அடங்குவான். ஒழுங்கு குலைந்துவிட்டது என்ற வருணாசிரம அச்சத்தைத்தான் கொல்லரும் தட்டாரும் செதுக்கி, ஓரிரு காசுக்கு விற்றிருக்கிறார்கள். 'தெருவின் கலகக் குரல்' கூடத்திலிருந்து கடன் வாங்கிய வாசகத்தில் பேசுகிறது. பெரியாரைப் படித்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கண்டும் காணாமல் போக முடியாது. கீழேயிருந்து வருகிற சிரிப்பெல்லாம் மேலேதான் பாயும் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். நம் கோட்பாட்டு வாசிப்பின் பலவீனங்களில் அதுவும் ஒன்று.

பக்கத்தில் நின்ற பெண்மேல் அது எப்படிப் பாய்ந்தது என்பதற்கு எலோகேஷி வழக்கே சாட்சி. தாரகேஸ்வரம் பக்கத்துக் கிராமம். எலோகேஷிக்குப் பதினாறு வயது. புருஷன் நவீன் சந்திர பானர்ஜிக்குக் கல்கத்தாவில் அரசாங்க அச்சகத்தில் வேலை. விடுப்பில்தான் ஊருக்கு வருவான். சாக்ரிக்காரனின் குடும்ப வாழ்க்கை என்பதே விடுப்பு நாட்கள்தாம். பிள்ளை வரம் கேட்டுப் போன இடத்தில் தாரகேஸ்வரம் கோயில் மகந்து மாதவ சந்திர கிரியின் பிடியில் அவள் சிக்கினாள். ஊர் பேசியது. 1873 மே 27 அன்று மீன் அரிகிற அரிவாள்மணையால் நவீன் அவள் கழுத்தை வெட்டிக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை. ஊரெல்லாம் மனுப் போட்டு 1875இல் விடுதலை. மகந்துக்கு மூன்று வருஷம் கடுங்காவல். நாடகங்கள், பாட்டுகள், படங்கள் என்று பல வருஷம் ஓடிற்று. காளிகாட்டில் இது வரிசைப் படம்: மகந்தும் எலோகேஷியும் சந்திப்பது, மருந்து கொடுப்பது, வெட்டுவது, தலை தனியே கிடப்பது, நீதிமன்றம், சிறை. கோயிலுக்கு வந்தவர்கள் காளி படத்தோடு இதையும் சுருட்டி எடுத்துப் போனார்கள். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்கிற ஒரு படம்கூட என் கண்ணில் படவில்லை.

இந்த வரிசையில் ஒரு படம் என்னை விட்டுப் போகவில்லை. சிறையில் மகந்து செக்காட்டுகிறார். உழைக்காமல் பெருத்த ஒரு மனிதன் உழைப்பதாகக் காளிகாட்டில் நான் பார்த்த படம் இது ஒன்றுதான். இங்கே உழைப்புதான் அவமானம். காலையிலிருந்து இரவுவரை குடும்பத்தோடு குனிந்து வரைகிற ஒருவன், பெரிய மனிதனுக்கு நேரக்கூடிய மோசமான தண்டனையாக எதைக் கற்பனை செய்கிறான் என்றால், தன்னைப்போல் வேலை செய்வதை. 1908க்குப் பிறகு வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு நமக்குத் தியாகத்தின் சின்னமாகிவிட்டது. அங்கேயும் ஒரு கேள்வி உண்டு: சிறைக்கு வெளியே நாள்தோறும் செக்கோடு வாழ்ந்த வாணியருக்கு அது சின்னமா, பிழைப்பா? இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். இருக்கட்டும்.

நூற்றாண்டு முடிவில் ஜெர்மனியில் அச்சான பளபளப்பான வண்ணப் படங்கள் கடைக்கு வந்தன. கையால் வரைந்த தாள் போட்டியில் தோற்றது. 1930 வாக்கில் காளிகாட் மரபு முடிந்துபோயிற்று. மிஞ்சிய படங்களில் ஒரு நல்ல தொகுதி லண்டனில் இருக்கிறது. லாக்வுட் கிப்ளிங் சேர்த்தவை. அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். படத்துக்குள் கேலிக்கு ஆளாகாத துரை, படத்தை வாங்கிப் போனவராக வெளியே நிற்கிறார். அதே 1917இல் ஜோராசங்கோ தாகூர் குடும்பத்து ககனேந்திரநாத் 'விரூப வஜ்ரம்', 'அத்புத லோகம்' என்ற கேலிச்சித்திரத் தொகுப்புகளைக் கல்லச்சில் வெளியிட்டார். 1921இல் 'நவ ஹுல்லோட்'. அற்புதமான கோடுகள், புரோகிதனையும் துரைவேஷக்காரனையும் விடாமல் குத்துகிறவை. ஆனால் இப்போது பாபுவைப் பார்த்துச் சிரிப்பவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெரு இல்லை.

தமிழில் இப்படி ஒரு தெருப்படம் ஏன் வளரவில்லை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முழுப்பதில் என்னிடம் இல்லை. சில குறிப்புகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டு முடிவிலும் 19இன் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த ஆல்பங்களைப் பாருங்கள். ஜோடி ஜோடியாகக் கணவனும் மனைவியும். இன்ன சாதி, இன்ன தொழில். ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி. மேளமோ தராசோ பானையோ கலப்பையோ. கருவி இல்லாவிட்டால் ஆளே இல்லை. சாதி என்றால் தொழில், தொழில் என்றால் கருவி, கருவி என்றால் மனிதன் என்று கட்டமைக்கிற இந்தப் படங்களில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க அனுமதி கிடையாது. காளிகாட் பாபுவின் கையில் ரோஜா இருக்கிறது. அவனைக் கேலி செய்யவாவது முடிந்தது.

கேலி நம்மிடம் எழுத்தில் இருந்தது. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது தாசியிடம் சொத்தைத் தொலைத்த மைனரைத்தான் சொல்கிறது. ஆனால் அது ஜமீன் சபையில் பாடியது. கேட்டுச் சிரித்தவர் கதாநாயகனின் வர்க்கத்துக்காரர், பழி தாசிக்கும் தாய்க்கிழவிக்கும். படத்தில் துரையைப் பார்த்துச் சிரிக்க நாம் 1906வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதியின் 'இந்தியா' வாரப் பத்திரிகையில்தான் அது நடந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் தொகுத்த 'பாரதியின் கருத்துப்படங்கள்' நூலைப் புரட்டினால் தெரியும், அங்கே ஓய்வும் சோம்பலும் விஷயமே இல்லை, ராஜ்யம்தான் விஷயம்.

ஓய்வு தமிழ்க் கேலிச்சித்திரத்துக்குள் வந்தது ஆனந்த விகடனோடு. வாசன் 1928இல் அதை வாங்கியபின் மாலியின் கோடுகளில் கச்சேரி, கடற்கரை, காப்பி, ஈஸிசேர் எல்லாம் வந்தன. பிறகு எத்தனையோ பத்திரிகைகளில் எத்தனையோ தலைமுறையாக ஆபீசில் தூங்குகிற குமாஸ்தா ஜோக் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குமாஸ்தாவைப் பார்த்து நாம் எப்படிச் சிரிக்கிறோம்? நம்ம ஆள் என்று சிரிக்கிறோம். மேஜைமேல் தலை, பக்கத்தில் ஃபைல், மானேஜர் வருகிறார், ஒரு அசட்டுப் பதில், தீர்ந்தது. யாரும் அவன் சம்பளத்தைப் பிடிப்பதில்லை. வாசகனும் வரைகிறவனும் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் தங்கள் தூக்கத்தைத் தாங்களே மன்னித்துக்கொள்கிறார்கள். அதே பத்திரிகைகளில் வேலைக்காரியின் தூக்கமும் மரத்தடிக் கூலியின் தூக்கமும் அப்படி மன்னிக்கப்படுவதில்லை. அங்கே தூக்கம் சுபாவம், குணக்கேடு. 'இவங்களுக்கெல்லாம் எவ்வளவு குடுத்தாலும்...' என்று தொடங்குகிற வாக்கியம் படத்துக்கு வெளியே தயாராகக் காத்திருக்கிறது. ஒரே தூக்கம், ஒரே கோடு, இரண்டு சிரிப்பு.

மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் சோம்பலாக இருக்கும் உரிமையைப் பற்றி எழுதினார். வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று கத்துகிற தொழிலாளியைப் பார்த்து அவருக்குக் கோபம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் போதும் என்றார். நம் தொழிற்சங்கத் தோழர்கள் இந்தப் பிரசுரத்தை அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. நிரந்தர வேலையே கிடைக்காதவனிடம் போய்ச் சோம்பலின் உரிமையைப் பேசினால் உதைப்பான் என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அச்சகத்தில் அன்று பைண்டர் பேசியது வேறு எதைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை.

மலர்க்குழுவில் ஒருவரிடம் அந்தப் படத்தை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "தமாஷ்தானே சார், அதப்போயி..." என்றார். படம் வந்தது. கட்டு கட்டும் நாளன்று பைண்டரிடம் கேட்டேன், நீங்கள் வரைந்தால் எப்படி வரைவீர்கள் என்று. கொஞ்சம் யோசித்தார். "தூங்குறவன விடுங்க சார். கடியாரம் பாக்குறாரே தொப்பிக்காரரு, அவரு எங்க நிக்கிறாருன்னு பாத்தீங்களா? அவரும் அதே நெழல்லதான் நிக்கிறாரு."

தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். ஆமாம், நிழலில்தான் நின்றிருந்தார்.